செங்கல்பட்டிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம்

கேப்டன் ஆகிப் ஹுசைன் ஓட்டிய விமானத்தைப் பெரிய ஜெட் விமானக்காரர்கள் ஷேர் ஆட்டோ என்றுதான் சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. இரண்டு பக்கமும் காற்றாடி, நடுவில் எழுபது பேர், காலையில் சேலம், அப்புறம் சென்னை, அப்புறம் தூத்துக்குடி, மறுபடி சென்னை, மறுபடி சேலம் என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி ஆறு தடவை இறங்கும். கடைசித் தடவை ஏறும்போது விமானமே ‘அம்மாடி’ என்று முனகும், அது கடைசி வரிசைப் பயணிக்குக் கூடக் கேட்கும் என்று ஆகிப் சத்தியம் செய்வான்.

கம்பெனியின் பெயர் சிட்டு ஏர். பெரிய ஜெட்டுகளை வைத்திருந்த தாய்க் கம்பெனி ஒன்று, எப்போதோ பெற்றுப் போட்டுவிட்டு மறந்துபோன பிள்ளை அது. ஆனால் சங்கம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. சங்கத்தின் தலைவர் கேப்டன் தேவசகாயம். முப்பது வருடம் ஜெட் ஓட்டியவர். சிங்கப்பூரில் எந்த ஹோட்டலில் தலையணை எத்தனை மென்மை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சேலத்துக்கு விமானம் போகிறது என்பதையே அவர் மூன்று வருடம் நம்பவில்லை.

போன ஒப்பந்தத்துக்கு நான்கு ஆண்டு பேச்சுவார்த்தை நடந்தது. அதன் முடிவில் ஜெட் விமானிகளுக்கு வெளிநாட்டு ஹோட்டலில் கூடுதலாக ஒரு நாள் ஓய்வு, மாமியார் வரைக்கும் சலுகை டிக்கெட், ஓய்வறையில் உடம்பு பிடித்துவிடும் நாற்காலி. சிட்டு விமானிகள் இருபத்தெட்டுப் பேருக்கு, மழையில் விமானம் வரைக்கும் நடந்து போவதற்கு இரண்டு பேருக்கு ஒரு குடை. கைப்பிடி கேப்டனுக்கு, நிழல் துணை விமானிக்கு. இதை ‘வரலாற்று வெற்றி’ என்று சங்கம் சுற்றறிக்கை விட்டது. அந்தக் குடையும் முதல் காற்றிலேயே திரும்பிக்கொண்டு, சிலோன் ரேடியோ பிடிக்கிற ஆன்டெனா மாதிரி நின்றது.

இந்தத் தடவை புது ஒப்பந்தத்தின் சுற்றறிக்கை வாட்ஸாப்பில் வந்தது. ஒன்பதாவது வரியில் இருந்தது வினை.

ஸ்டாண்ட்பை என்று விமானிகளுக்கு ஒரு நாள் உண்டு. சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே காத்திருக்க வேண்டும். எவனுக்காவது வயிற்றுப்போக்கு என்றால் அழைப்பு வரும். வந்த தொண்ணூறு நிமிடத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அந்தத் தொண்ணூறைத்தான் நாற்பத்தைந்து ஆக்கப் போகிறார்கள். நாற்பத்தைந்தில் வர முடியாதவர்கள் வடக்கே புதிதாகத் திறக்கும் தளத்துக்கு மாற்றப்படுவார்கள். அங்கே டிசம்பரில் விமானத்துக்கே மூக்கு ஒழுகும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆகிப்பின் வீடு செங்கல்பட்டு பஜாருக்குப் பின்னால். மாடியில் குடித்தனம், கீழே மனைவி ரிஃபானாவின் பல் மருத்துவமனை. திறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் திருக்கழுக்குன்றம் வரைக்கும் பேர். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள்கூட, திரும்பிப் போகிற வழியில் ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

அங்கிருந்து விமான நிலையத்துக்கு நாற்பத்தைந்து நிமிடத்தில் போகலாம். ஹெலிகாப்டர் இருந்தால். ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலைநகர் கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் முடிந்து வரிசையாக இறங்கும் நேரத்தில், கூடுவாஞ்சேரியில் பிரேக்கை மிதித்தவன் ஊரப்பாக்கத்தில்தான் காலை எடுப்பான். அதற்குள் அவன் பிள்ளை ஒரு வகுப்பு பாஸாகியிருக்கும். ஆனால் தேவசகாயம் தானே காரோட்டி, கடிகாரம் வைத்து அளந்து பார்த்ததாகச் சுற்றறிக்கையில் இருந்தது. விசாரித்தால், அளந்தது பொங்கலன்று விடியற்காலையில். சென்னையே சொந்த ஊருக்குப் போயிருந்த நேரம். ரோட்டில் அவரும் இரண்டு மாடும்தான்.

ரிஃபானா சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தாள். கையுறையைக் கழற்றினாள்.

“பல்லாவரத்துல ஒரு ரூம் பாத்துக்கோ மச்சான். ஞாயித்துக்கெழம இங்க வா. மொத டோக்கன் உனக்குத் தரேன்.”

“நான் உன் புருஷன்.”

“அதனாலதான் மொத டோக்கன்.”

“நீயும் வாயேன். அங்க ஒரு கிளினிக் போட்டுக்கலாம்.”

“பல்லாவரத்துல தெருவுக்கு நாலு டென்டிஸ்டு. அங்க இருக்கற பல்ல வுட டாக்டர் ஜாஸ்தி. இந்தச் சேர நான் கடன் வாங்கி எறக்கிருக்கேன். நீ வேணா பறந்து போ. சேர் பறக்காது.” கழற்றிய கையுறையைக் குப்பைக்கூடையில் போட்டாள். “ஏழு வருசம் நீ எங்க, நான் எங்கன்னு கெடந்தோம். இப்பதான் ஒரே வூட்டுல கீறோம். அந்தச் சங்கத்துல போய் வாயத் தொறந்து பேசு. எல்லாரும் கைதட்னா நீ தட்டாத.”

ஆகிப் பேசுவது என்று முடிவு செய்தான். மூன்று நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினான். ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே. இரும்புக்கடை மைதீன் பாய் வேர் சிகிச்சைக்கு வாயைத் திறந்தபடி நாற்காலியில் படுத்திருந்தார். அவர் முன்னால் நின்று முழுப் பேச்சையும் பேசிக் காட்டினான். மைதீன் பாய் ஒரு இடத்தில்கூட மறுத்துப் பேசவில்லை. சங்கம் தன் துரோகத்தை விளக்கியாக வேண்டும் என்ற இடத்தில் அவர் கண்ணில் தண்ணீரே வந்தது. ரிஃபானா அந்த நேரம் எதையோ அழுத்தியதும் காரணமாக இருக்கலாம்.

கூட்டம் சனிக்கிழமை மதியம், மாமல்லபுரம் கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டில். சிட்டு சம்பந்தப்பட்ட ஒப்பந்தத்தைச் சிட்டு விமானிகள்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சங்க விதி இருந்ததால், தேவசகாயத்துக்கு அந்த இருபத்தெட்டுப் பேரின் தலையாட்டல் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தால் ஜெட் விமானிகளின் சிங்கப்பூர் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்குத் தோசை கவுண்டர் வைப்பதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. ஒரு முறுகல் தோசைக்கு இருபத்தெட்டுக் குடும்பம்.

வாசலில் துணை விமானி அரசு காத்திருந்தான். பக்கத்துக் கொக்கிலமேட்டு மீனவக் குடும்பத்துப் பையன், அந்தக் குப்பத்தின் முதல் விமானி. அவன் விமானம் மேலே போகும்போதெல்லாம் அவன் அம்மா யோகேஸ்வரி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தோ போறான் பாரு எம்புள்ள, காலீல ஒண்ணும் துன்னாமப் போறான்” என்று வானத்தைப் பார்த்துத் திட்டுவாள். நாற்பத்தைந்து நிமிடம் அவனுக்கும் ஆகாது.

“இன்னா அண்ணாத்த, பேச்சு ரெடியா?”

“நாலு பக்கம்.”

“நாலு பக்கமா? ஒரு பக்கம் போதும். சோறு போட்டுட்டாங்கன்னா எவனும் கேக்க மாட்டான். சோத்துக்கு முன்னால பேசிடு.”

அது நல்ல யோசனைதான். ஆனால் தேவசகாயம் முப்பது வருட அனுபவசாலி. வாசலிலேயே இருகரம் நீட்டி வரவேற்றார். “டியர் பிரதர்ஸ், முதல்ல சாப்பாடு. பசியோட எந்த முடிவும் எடுக்கக் கூடாது.”

சாப்பாடு என்றால் அப்படி இப்படிச் சாப்பாடு இல்லை. கைக்குட்டை அகலத்துக்கு வஞ்சிரம் துண்டுகள், பிரியாணி மலை, அதற்கு மேல் ஒரு நண்டு தலைமை தாங்கி உட்கார்ந்திருந்தது. இறாலைப் பார்த்த அரசு, “இது எங்க குப்பத்து எறாதான். எனுக்கு அடையாளம் தெரியும்” என்று கண்ணீர் விடாத குறையாகச் சாப்பிட்டான். பாதிப் பேர் அன்று விடியலுக்கு முன்பே எழுந்து சேலம் போய் வந்தவர்கள். அப்புறம் அவர்களைக் ஏ.சி. போட்ட ஹாலுக்குள் கொண்டுபோய், முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து கிளம்பிய குறட்டைக்கு இரண்டு எஞ்சின் பலம் இருந்தது.

மேடையில் தேவசகாயம். பக்கத்தில் செயலாளர் கண்ணாயிரம், மினிட்ஸ் நோட்டோடு. இந்தக் கண்ணாயிரம் பிறந்ததிலிருந்து நோட்டை விட்டுத் தலை நிமிர்ந்ததில்லை. காதில் விழுவதை அப்படியே எழுதுவார். ஒரு தடவை யாரோ தும்மியதையும் எழுதி, அது தீர்மானம் ஐந்து ‘ஆ’ என்று அச்சாகி வந்தது.

தேவசகாயம் கண்ணாடியை மாட்டி, ஒப்பந்தத்தைப் படிக்கத் தொடங்கினார். வேண்டுமென்று செய்தாரோ, பழக்கதோஷமோ, அந்தக் குரலில் படித்தார்.

அந்தக் குரல் என்றால், செக்லிஸ்ட் குரல். விமானிகளுக்குப் பால் மறந்த நாளிலிருந்து அதுதான் தாலாட்டு. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், இறங்கும்போதும் ஒருவர் பட்டியலை வரி வரியாகப் படிப்பார். மற்றவர் அந்தந்த விசையைப் பார்த்து ‘செக்டு’ என்றோ ‘செட்’ என்றோ பதில் சொல்வார். பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. ஒரு நாளைக்கு ஆறு விமானம் என்றால் எத்தனை செக்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிட்டு விமானிகள் கல்யாண மேடையில் அய்யர் கேட்டாலும், நிக்காஹ்வில் காஜியார் கேட்டாலும் செக்டு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

“சீருடைச் சட்டை, ஆண்டுக்கு நாலு?” என்றார் தேவசகாயம், ஒரே சீராக.

“செக்டு” என்றது ஹாலின் பாதி, கண்ணைத் திறக்காமல்.

“குடை, இரண்டு பேருக்கு ஒன்று?”

“செக்டு.”

“சேலம் ஓய்வறை, மின்விசிறி?”

“செக்டு.”

தாளம் பிடித்துக்கொண்டது. ஆகிப் பாக்கெட்டில் நான்கு பக்கத்தைத் தொட்டுப் பார்த்தபடி, ஒன்பதாவது வரி வரட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வந்ததும் எழுந்து நிற்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும். நாலு, ஐந்து, ஆறு. குளிர்க் காற்று காதில் ஊதியது. நண்டு வயிற்றுக்குள் சாய்ந்து படுத்தது. ஏழு. எட்டு.

“ஸ்டாண்ட்பை, நாற்பத்தைந்து நிமிடம்?”

“செட்” என்றது ஒரு குரல். தெளிவான, கணீரென்ற, அனுபவமுள்ள கேப்டன் குரல்.

யார் அந்தப் பாவி என்று ஆகிப் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாயிரம் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: “ஒன்பதாவது அம்சம். கேப்டன் ஆகிப் ஹுசைன் முன்மொழிய, ஏகமனதாக.”

ஆகிப்புக்கு வயிற்றில் இருந்த நண்டு எழுந்து நின்றுவிட்டது. “சார், அது நான் சொல்லல.”

“பின்னே உங்க தம்பியா சொன்னார்?” என்றார் தேவசகாயம்.

“வாய் தானா சொல்லிடுச்சு சார்.”

“வாய் உங்களுதுதானே பிரதர்? மினிட்ஸ்ல ஏறிடுச்சு. பத்தாவது அம்சம், சங்கத்துக்கு நன்றி, அது நம்ம எல்லாருக்குமே உண்டு. வாங்க, வெளியில பஜ்ஜி சூடா இருக்கு.” பேப்பரை மடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

நாற்காலிகள் நகர்ந்தன. ஆகிப்புக்குக் கண்ணெதிரே ரிஃபானா கையுறையைக் கழற்றுவது தெரிந்தது. எதிர்த்துப் பேச வந்தவனே முன்மொழிந்துவிட்டுப் போனான் என்று சொன்னால் அவள் மயக்க மருந்து இல்லாமலே நாலு பல்லைப் பிடுங்குவாள். அதுவும் பரவாயில்லை. வாரத்துக்கு ஒரு நாள் டோக்கன் வாங்கிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் போவதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது அரசு எழுந்தான். மகா பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டான்.

“சார், ஒரு டவுட்டு. செக்லிஸ்ட் கம்ப்ளீட்னு நீங்க இன்னும் சொல்லலியே.”

வெளியே போய்க்கொண்டிருந்த கால்கள் நின்றன. செக்லிஸ்ட்டைப் படிக்கிறவர் கடைசியில் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. சொல்லாமல் ஒரு விமானமும் நகராது.

“தம்பி, இது செக்லிஸ்ட் இல்ல. ஒப்பந்தம்” என்றார் தேவசகாயம்.

“அப்போ நாங்க சொன்ன செக்டும் சம்மதம் இல்லியே சார்.”

ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் இரண்டு பேருக்குக் காது சிவந்தது. தேவசகாயம் இந்தப் பக்கம் போனால் கடல், அந்தப் பக்கம் போனால் மலை என்று ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் கண்ணாடியை மாட்டினார்.

“சரி, செக்லிஸ்ட்தான்னு வச்சுக்குங்க. செக்லிஸ்ட் கம்ப்...”

கதவு திறந்தது. ரிசார்ட் ஊழியர் தேசப்பன் தள்ளுவண்டியோடு உள்ளே வந்தார். “சார், வெளிய காத்து ஜாஸ்தியா கீது, மணலு அடிக்குது, அதான் இங்கியே கொண்டாந்துட்டேன். மொளகா பஜ்ஜியா, வாழக்கா பஜ்ஜியா?”

ஆகிப் எழுந்து நின்றான். நான்கு பக்கமும் பாக்கெட்டிலேயே இருந்தது.

“நடுவுல தடங்கல் வந்துடுச்சு சார்” என்றான். “மொதல்லேருந்து.”

“மொதல்லேருந்து” என்றார்கள் மற்ற இருபத்தேழு பேரும்.

பாதியில் தடைபட்ட செக்லிஸ்ட்டை முதலிலிருந்து படிக்க வேண்டும். உலகத்தில் எந்த ஊர் விமானியும் இதற்கு மறுபேச்சுப் பேச மாட்டான். தேவசகாயம் சங்கத் தலைவராக இருந்தது பதினோரு வருடம், விமானியாக இருந்தது முப்பது. தோசை கவுண்டரை இழந்தாலும் இழக்கலாம், ‘செக்லிஸ்ட்டை முடிக்காமல் போன ஆள்’ என்று பேர் வாங்கிவிட்டால் அப்புறம் எந்த காக்பிட்டில் முகத்தைக் காட்டுவது? பேப்பரைப் பிரித்தார். முகம் மட்டும் வாழைக்காய் பஜ்ஜிக்குள் மிளகாயைக் கடித்தவர் போல இருந்தது.

சட்டை செக்டு. குடை செக்டு. மின்விசிறி செக்டு. எல்லாம் ஓடியது. ஒன்பதாவது வரி வந்தது.

“ஸ்டாண்ட்பை, நாற்பத்தைந்து நிமிடம்?”

பதில் இல்லை.

“ஸ்டாண்ட்பை, நாற்பத்தைந்து நிமிடம்?”

குறட்டைகூட நின்றுவிட்டது. கடல் சத்தம் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டது. பதில் வராத வரியைத் தாண்டக் கூடாது. அவர் மறுபடி படித்தார். ஒன்பது தடவை படித்தார், பன்னிரண்டு தடவை படித்தார், அன்றைக்கு இருந்தவர்களில் சிலர் நாற்பது என்கிறார்கள். பஜ்ஜி ஆறி, எண்ணெய் உறைந்து, தேசப்பன் வண்டியின் கைப்பிடியில் சாய்ந்து தூங்கிப்போனார். தேவசகாயத்தின் குரல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் கெஞ்சுகிற மாதிரி ஆனது.

ஆகிப் அப்போதுதான் யோசித்தான். செக்லிஸ்ட்டில் எப்போதும் செக்டு மட்டுமா பதில்? அளவைக் கேட்டால் அளவைச் சொல்ல வேண்டும். படிக்கிறவர் தப்பாகப் படித்தாலும், கண்ணால் பார்க்கிறவன் சரியானதைச் சொல்ல வேண்டும். அதற்குத்தானே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

தொண்டையைச் செருமிக்கொண்டான். அதே கணீர்க் குரல்.

“தொண்ணூறு நிமிடம். செட்.”

“செக்டு” என்றார்கள் இருபத்தேழு பேர்.

“கிராஸ் செக்டு” என்றார் தேவசகாயம்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். முப்பது வருட நாக்கு, அது யாருக்குத் தலைவர், எவன் பிரதர் என்றெல்லாம் பார்க்கவில்லை. கண்ணாயிரம் தலை நிமிராமல் எழுதினார்: “ஒன்பது. தொண்ணூறு நிமிடம். தலைவர் சரிபார்த்து உறுதி செய்தார்.”

“கண்ணாயிரம், அது வந்து...”

“எழுதியாச்சு சார். அடிச்சு எழுதக் கூடாதுன்னு நீங்கதான் விதி போட்டீங்க. பத்து என்ன சார்?”

பத்தையும் படித்தார். எல்லாரும் சங்கத்துக்கு மனதார நன்றி சொன்னார்கள். தேவசகாயம் கசாயம் குடிப்பவர் போலக் கண்ணை மூடி, “செக்லிஸ்ட் கம்ப்ளீட்” என்றார். கைதட்டல் எழுந்தது. ஆகிப் தட்டவில்லை. ரிஃபானா சொல்லி அனுப்பியிருந்தாளே.

ஆனால் முப்பது வருட ஆசாமி சும்மா விடுவாரா? ஆறிப்போன பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு ஆகிப்பின் தோளைப் பிடித்தார். “உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்ச ஆளுதான் பிரதர் சங்கத்துக்கு வேணும். இன்னையிலேருந்து சிட்டு விமானிகளோட பிரதிநிதி நீங்கதான். யாருக்கு என்ன குறைன்னாலும் இனிமே உங்ககிட்டதான் வருவாங்க.” கண்ணாயிரம் அதையும் எழுதிவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை ஆகிப்புக்கு ஸ்டாண்ட்பை. காலை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. ரிஃபானா ஒரு பல்லைப் பாதியில் நிறுத்திவிட்டு வாசல் வரைக்கும் வந்து காரை ரிவர்ஸ் எடுக்க வழி காட்டினாள். அதற்கு முந்தின மூன்று நாளில் அவன் போனுக்கு வந்த புகார்களை அவள் எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். குடைக்கு உறை வேண்டும் என்று ஒருவர், சேலத்து மின்விசிறி ஒரே பக்கமாகத் திரும்புகிறது என்று ஒருவர், பிரதிநிதி போனை எடுப்பதே இல்லை என்று பிரதிநிதிக்கே போன் செய்து நாலு பேர்.

ஜி.எஸ்.டி. ரோடு தன் வேலையைக் காட்டியது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு லாரி, வண்டலூரில் ஒரு ஊர்வலம், தாம்பரத்தில் காரணமே இல்லாமல் ஒரு கால் மணி நேரம். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆகிப் உள்ளே ஓடி, மூச்சிரைக்கக் கையெழுத்துப் போட்டான்.

விமானம் வந்திருக்கவில்லை. தூத்துக்குடியில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும்.

ஓய்வறையில் அரசு உட்கார்ந்திருந்தான். பாதி கிழிந்த நாற்காலியின் ஓரத்தில், விழாமல் இருக்க ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தான்.

“இன்னா அண்ணாத்த இது, குந்தறதுக்கு ஒயுங்கா ஒரு சேர் இல்ல. ஜெட்டுக்காரனுக்கு ஒடம்பு புடிச்சு வுடற சேரு. சங்கம்னு ஒண்ணு கீதே, அது இன்னாதான் பண்ணிகினு கீது?”

“எழுதிக் குடு.”

“யார்கிட்ட?”

“எங்கிட்டதான்.”

அரசு அவனை மேலும் கீழும் பார்த்தான். “உங்கிட்ட குடுத்து இன்னா பிரயோஜனம்?”

ஆகிப்பின் போன் அதிர்ந்தது. இன்னொரு புகார் என்று நினைத்து எடுத்தான். ரிஃபானா.

“போய்ச் சேந்துட்டியா?”

“ரெண்டு நிமிஷம் மிச்சம்.”

“ராத்திரி வூட்டுக்கு வந்துடுவல்ல?”

“வந்துடுவேன்.”

“வரும்போது தாம்பரத்துல பஞ்சு ரெண்டு பண்டல் வாங்கினு வா மச்சான். இங்க தீந்துபோச்சு. மைதீன் பாய் வேற வாயத் தொறந்துகினு ஒக்காந்துகீறாரு.”